பிற்பாட்டு இல்லாத அழுகை: நீங்க கேட்டது, நான் சொல்றது

போன இதழ்ல மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் பார்த்த ஒரு ஓராள் நாடகத்தப் பத்தி நாலு வரி எழுதியிருந்தன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் இந்த மாசம் சினிமாக் கேள்வி, கிரிக்கெட் கேள்வி எல்லாத்தையும் ஓரங்கட்டிப் போட்டுது. பார்க்காத ஆக்களுக்காகக் கதையச் சுருக்கமா சொல்லிடுறன். தகப்பன் செத்து முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்ச அடுத்த நாள், நாப்பத்தஞ்சு வயசு மதிக்கிற ஒரு மனுசன் பிளாஸ்டிக் கதிரை ஒண்டுல கணக்குக் கொப்பியோட இருக்கார். வாடகைக் கடைக்காரன் கோல் எடுக்கிறான், ஏத்தி அனுப்பின கதிரை 120, திரும்பி வந்தது 119, ஒண்டு எங்க எண்டு. அந்த ஒரு கதிரையத் தேடுறதுதான் ஒண்டேகால் மணித்தியாலமும் நாடகம். இனி உங்கட கேள்விகள்.

கேள்வி: ஒரு ஆள் தனிய நிண்டு ஒண்டேகால் மணித்தியாலம் கதைச்சா அது நாடகமா? எங்கட மாமனாரும் தினமும் அதத்தான் செய்றார், நாங்க டிக்கட் போடல்ல. (வாழைச்சேனை வாசகர்)

மாமனார் கதைக்கிற நேரம் நீங்க போனப் பார்த்துக்கொண்டு இருப்பீங்க, நாடகத்தில போன ஓஃப் பண்ணச் சொல்லுவாங்க, அதான் வித்தியாசம். பகிடிய விடுவம். ஓராள் நாடகத்தில ஒரே ஆள் பத்துப் பேரா மாறோணும், அந்தப் பத்துப் பேரும் பார்க்கிற ஆக்களிட கண்ணுக்குத் தெரியோணும். நான் பார்த்த நாடகத்தில பெரியப்பன், கடைக்காரன், பந்தல்காரன், குடிச்சிட்டு வந்து ஒப்பாரி வைக்கிற தூரத்துச் சித்தப்பன் எல்லாம் அந்த ஒரு மனுசன்தான். சாரத்த ஒரு தரம் மடிச்சுக் கட்டினா பெரியப்பன், அவிழ்த்து விட்டா மகன். உடுப்பு மாத்தல்ல, மேக்கப் இல்ல. உங்கட மாமனாருக்கும் இது ஏலுமெண்டா சொல்லுங்க, மேடை பார்த்துத் தாறன்.

கேள்வி: நான் பென்சன் எடுத்த உத்தியோகத்தன். என்ட தகப்பன் செத்த நேரம் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல, தம்பிமார் மூண்டு பேரையும் நான்தான் தாங்கினது. ஆம்புள அழுறதக் காட்டுறதுக்கு ஒரு நாடகமா? இதெல்லாம் வெளிநாட்டுப் பாணி, எங்கட ஆக்களுக்கு எதுக்கு? (களுவாஞ்சிகுடி வாசகர்)

ஐயா, உங்கட கோபம் விளங்குது, தம்பிமாரத் தாங்கினது சின்ன விசயமும் இல்ல. ஆனா வெளிநாட்டுப் பாணி எண்டத மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஆம்புள ஊருக்கு முன்னால நிண்டு அழுறது எங்களுக்குப் புதுசா? படுவான்கரையில கூத்துப் பார்த்த மனுசன் இப்பிடிக் கேட்கலாமா?

யோசிச்சுப் பாருங்க. அபிமன்யு செத்த கதை ஆடுற இரவு, விடியச்சாமம் ரெண்டு மூண்டு மணி இருக்கும், பனியில பிள்ளையள் பாயில சுருண்டு கிடக்கும், களரியச் சுத்தி ஊரே இருக்கும். அர்ச்சுனன் வருவார். பகல்ல அவர் ஆரு? வட்டையில வேளாண்ம செய்ற மனுசன், கரவலை இழுக்கிற மனுசன், வீட்டில ஒரு வார்த்தை கதைக்காத தகப்பன். அந்த மனுசன் கிரீடமும் கரப்புடுப்பும் போட்டுக்கொண்டு "மகனே" எண்டு குரல் உடைஞ்சு பாடுவார், ஒருத்தரும் சிரிக்கமாட்டாங்க, கிழவிமார் முந்தானையால மூக்கத் துடைப்பாங்க. சுபத்திரையா நிண்டு அழுறதும் ஆம்புளதான், அந்தக் காலத்துக் கூத்தில பொம்புள வேசமும் ஆம்புளையள்தானே கட்டினது. அப்ப எங்கட ஆம்புளையளுக்கு அழத் தெரியாது எண்டு ஆரும் சொல்ல ஏலா, விடிய விடிய அழுதவங்க.

ஆனா எப்பிடி அழுதாங்க எண்டதுதான் விசயம். உடுப்பு இருந்தது, அர்ச்சுனன் எண்ட பேர் இருந்தது, மத்தளம் இருந்தது, கூத்துப் பழக்கின அண்ணாவியார் பக்கத்தில நிண்டார். எல்லாத்தையும் விட பிற்பாட்டு இருந்தது. கூத்தர் ஒரு வரி பாடினா பிற்பாட்டுக்காரர் அதத் திருப்பிப் பாடுவாங்க. "என் மகன் போயிட்டான்" எண்டு ஒருத்தன் சொன்னா, அதே வரிய நாலு தொண்டை சேர்ந்து திருப்பிச் சொல்லும். அவன் தனிய நிண்டு அழவே இல்ல. இன்னொண்டும் இருக்கு, அர்ச்சுனன் அழுது முடிக்க முதலே சபதம் போட்டுடுவார், நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள ஜயத்ரதனக் கொல்லுவன் எண்டு. கையில வில்லு இருக்கிறதால அழுகைக்கும் மரியாதை வந்திடுது. எனக்கு அந்த இடம் எப்பவும் கொஞ்சம் இடிக்கிறதுதான், ஏனெண்டா வில்லு இல்லாத தகப்பன் என்ன செய்றது?

மறுகா 60கள்ல பேராதனையில பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடுற கூத்த ஒண்டு ஒண்டரை மணித்தியாலமாச் சுருக்கி, வட்டக்களரியில இருந்து ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்தார், 1964ல இராவணேசன் கூத்தில எங்கட மட்டக்களப்பு மௌனகுரு இராவணனா ஆடினது உங்கட வயசு ஆக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல. அந்தச் சுருக்கத்தோட வீரனிட முகம் எங்கட முகத்துக்கு நேர வந்துட்டுது. ஓராள் நாடகம் அதுல இருந்து இன்னும் ஒரு அடி எடுத்து வைக்குது, அவ்வளவுதான். கிரீடத்தக் கழட்டுது, மத்தளத்த நிப்பாட்டுது, பிற்பாட்டுக்காரர வீட்டுக்கு அனுப்புது. "இப்ப அழு பாப்பம்" எண்டு கேட்குது.

நாடகத்தில அந்த மனுசன் அழப் போற ஒவ்வொரு தரமும் ஒரு செலவு வந்து மறிக்கும். பந்தல், ஜெனரேட்டர், வெள்ளைக் கொடி, பிளேன்டீக்குச் சீனி, அறிவித்தல் சொன்ன ஓட்டோ, ராவைக்கு முழிச்சிருந்து 304 கடதாசி விளையாடின ஆக்களுக்கு சிகரட். எங்கட செத்த வீட்டில உள்ளுக்க பொம்புளையள் ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சு, ஒருத்தி சொல்லி அழ மத்தவ அதப் பிடிச்சு அழுவா. அங்க பிற்பாட்டு இருக்கு. வெளிய பந்தலுக்குக் கீழ ஆம்புளையளுக்குக் கடதாசிக் கூட்டந்தான் இருக்கு. குழிக்கு மண் போட்டுட்டு வந்த கையோட பெரியப்பன் தோள்ல தட்டி "இனி நீதான் வீடு, அழப்படாது மகன்" எண்டு சொல்ற இடத்தில எனக்குப் பக்கத்தில இருந்த ஒரு பெரிய மனுசன் தன்ட செருப்பையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசியில அவர் 119 கதிரையையும் வாய்விட்டு எண்ணுறார், மறுகா எண்ணுறார், சபையில இருந்த ஒரு சின்னப் பொடியன் பொறுக்க ஏலாம "நீங்க இருக்கிற கதிரை?" எண்டு கத்திட்டான். பரமார்த்த குருவிட சீடர்மார் ஆத்தக் கடந்து தன்னை விட்டுட்டு எண்ணின மாதிரிக் கதைதான். எல்லாரும் சிரிச்சம். நடிகன் குனிஞ்சு பார்த்தார். எழும்பல்ல. சிரிப்பு அடங்குமட்டும் அப்பிடியே இருந்தார், அதுக்குப் பிறகுதான் அழுதார். அந்த நேரம் பின்னால வயலின் போட்டிருக்கத் தேவையில்ல, அது நாடகத்திட பிழை, சொல்லத்தான் வேணும்.

ஐயா, நீங்க அழாததில ஒரு குறையும் இல்ல. அழாம இருக்கிறதும் ஒரு மனுசன் துக்கம் காக்கிற விதம்தான். உங்களிட்ட நான் கேட்கிறது இவ்வளவுதான்: தம்பிமார் மூண்டு பேர நீங்க தாங்கினீங்க, உங்களத் தாங்கினது ஆரு?

கேள்வி: ஆம்புள அழுதா மதிப்புக் குறையாதா அண்ணே? (கல்முனை, 19 வயசு)

அழுததால மதிப்புக் குறைஞ்ச ஆம்புளைய நான் காணல்ல. குடிச்சிட்டு அழுது அடுத்த நாள் "நான் அழல்ல" எண்டு சத்தியம் பண்ணி மதிப்புக் குறைஞ்ச ஆக்களக் கனக்கக் கண்டிருக்கன்.

கேள்வி: என்ட கணவர் சுனாமியில தாயையும் மூத்த பிள்ளையையும் இழந்தவர். எனக்கு முதல் கலியாணம், அவருக்கு ரெண்டாவது. நல்ல மனுசன். ஆனா ஒவ்வொரு டிசம்பர் 26ம் வட்டையில இருக்கிற வாடிக்குப் போயிடுவார், ரெண்டு நாளைக்கு ஒருத்தரோடயும் கதைக்கமாட்டார், குடியும் இருக்கு. இந்த நாடகத்துக்கு அவரக் கூட்டிப் போனா மனசு ஆறுமா? சொல்லாமக் கூட்டிப்போகலாமா? (காரைதீவு வாசகி)

தங்கச்சி, சொல்லாமக் கூட்டிப்போறத மட்டும் செய்யாதீங்க. இருட்டு மண்டபம், நடுவரிசை, ரெண்டு பக்கமும் ஆக்கள், எழும்பிப் போக ஏலா, முன்னால ஒருத்தன் செத்த வீட்டக் கதைக்கிறான். எங்களுக்கு அது நாடகம், அவருக்கு அது 2004. இலங்கையிலயே கூடுதலா உயிர் போனது உங்கட அம்பாறை மாவட்டத்திலதான், பத்தாயிரத்துக்கு மேல. அப்பிடிப் போன இடத்தில துக்கத்துக்கும் வரிசை கட்டி நிண்ட காலம் அது. எல்லா வீட்டிலயும் செத்த வீடு எண்டா ஆரு ஆர்ட வீட்டுக்குப் போய் இருக்கிறது? கனக்கப் பேருக்கு உடம்பே கிடைக்கல்ல, எட்டும் முப்பத்தொண்டும் ஆருக்குச் செய்றது எண்டே தெரியாம நிண்டவங்க. உங்கட கணவர் வாடிக்குப் போறது அந்த முடியாத சடங்க தன்ட பாட்டுக்குச் செய்றதாக் கூட இருக்கலாம். அத நிப்பாட்டப் பார்க்காதீங்க. குடியத்தான் பார்க்கோணும்.

நாடகத்துக்குப் போகோணும் எண்டா கதைய முதலே சொல்லுங்க, முடிவையும் சொல்லுங்க, நாடகம் கெட்டுப்போகாது, கூத்தில எல்லாருக்கும் முடிவு தெரிஞ்சுதானே விடியுமட்டும் இருந்தது. கடைசி வரிசையில வாசலுக்குக் கிட்ட இருங்க. வரமாட்டன் எண்டா விட்டுடுங்க, வற்புறுத்த வேணாம். வந்தார் எண்டா முடிஞ்ச உடன "எப்பிடி இருந்திச்சு" எண்டு கேட்க வேணாம், கொத்து ரொட்டி ஒண்டு வாங்கிக் குடுத்து வீட்ட கூட்டிப்போங்க. கதைக்கிறதுண்டா அவரே கதைப்பார், ரெண்டு கிழமை கழிச்சுச் சம்பந்தமில்லாத ஒரு நேரத்தில.

ஆனா நாடகம் மருந்து இல்ல, இத நாடகக்காரனா நான்தான் சத்தமாச் சொல்லோணும். நித்திரை இல்லாமப் போறது, சாகிற கதை கதைக்கிறது, குடி கூடிப்போறது இதெல்லாம் இருந்தா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு. போக வெக்கப்பட்டா 1926க்குப் போன் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்திட இலக்கம், முதல்ல நீங்களே எடுத்துக் கதைச்சுப் பாருங்க.

இன்னொண்டு ஞாபகம் வருது. 1996ல அருட்தந்தை போல் சற்குணநாயகம் ஆக்கள் மட்டக்களப்பில வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா எண்டு தொடங்கினாங்க, சண்டையில அடிபட்ட பிள்ளையள் வந்து வரைஞ்சு, மண் பிசைஞ்சு, கதை கட்டி, நாடகம் போட்டு விளையாடுற இடம். தமிழ்ப் பிள்ளையளும் முஸ்லிம் பிள்ளையளும் சேர்ந்து வந்தாங்க. நல்ல வேலை. அந்தப் பிள்ளையளிட தகப்பன்மாருக்கு அப்பிடி ஒரு தோட்டம் வேணும் எண்டு எங்கள்ல ஒருத்தருக்கும் தோணல்ல. தகப்பன்மாருக்குத் தவறணை இருந்தது.

கேள்வி: பொஞ்சாதி கான்சர்ல போய் ஒரு வருசத்துக்கு மேல. இருக்கிறது அவட சீதன வீடு, சுத்திவர அவட அக்கா தங்கச்சிமார், மாமி. எல்லாரும் நல்லாத்தான் பார்க்கிறாங்க, ஆனா நான் இந்த வளவுக்குள்ள ஆரு எண்டு எனக்கே தெரியல்ல. என்ட கதைய நானே எழுதி ஒரு ஓராள் நாடகமா நடிக்க ஆசை. முந்தி பள்ளிக்கூடத்தில நடிச்சிருக்கன். எப்பிடித் தொடங்குறது? (பேர் வேணாம், ஆரையம்பதி)

தம்பி, எங்கட பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்கு, மாப்பிள்ளை போய் அங்க இருக்கிறவர். அவ இருக்குமட்டும் நீங்க வீட்டுக்காரன், அவ போனா அந்தச் சொல்லுக்கு அடியில மண் இல்ல. வேற ஊர்க்காரனுக்கு இத விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் வேணும். நீங்க கேள்வியிலயே ரெண்டு வரியில எழுதிட்டீங்க, "இந்த வளவுக்குள்ள நான் ஆரு" எண்டு. நாடகம் அங்கதான் இருக்கு, கான்சர்ல இல்ல. ஆசுபத்திரிக் காட்சியில தொடங்காதீங்க.

நேர துக்கத்தக் கதைக்கவும் தொடங்காதீங்க. கதைக்க அனுமதி உள்ள ஒண்டப் பிடியுங்க. ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1886ல எழுதி மறுகா பல தரம் திருத்தின ஒரு சின்ன ஓராள் நாடகம் இருக்கு, ஒரு மனுசன் பொஞ்சாதி சொன்னா எண்டதுக்காகப் புகையிலையிட தீமையப் பத்தி லெக்சர் அடிக்க வந்து நிக்கிறார், புகையிலையப் பத்திக் கொஞ்சந்தான் கதைப்பார், மிச்சம் முழுக்க அவர்ட வாழ்க்கை தன்னறியாம ஒழுகிக்கொண்டு வரும், கடைசியில திரைக்குப் பக்கத்தில பொஞ்சாதியக் கண்ட உடன திரும்பப் புகையிலைக்கு ஓடிடுவார். கதிரைக் கணக்கும் அதே வேலைதான். உங்களுக்கு என்ன? தண்ணி மோட்டர் பழுதாப்போய் மாமியிட்டக் கேட்காம மெக்கானிக்கக் கூப்பிட ஏலாம நிக்கிறீங்களா? வளவுத் தேங்காயப் பறிக்கிறதுக்கு ஆர்ட்ட அனுமதி கேட்கிறது எண்டு தெரியல்லையா? அதக் கதையுங்க, அவ தானா வந்திடுவா.

மேடைத் தமிழ் வேணாம், வீட்டில கதைக்கிற மாதிரி எழுதுங்க. நாப்பது நிமிசத்தத் தாண்ட வேணாம். எழுதி முடிச்சதும் மாமிக்கு வாசிச்சுக் காட்டுங்க, அவவும் மகள இழந்தவ, அவவிட துக்கத்த அவட அனுமதி இல்லாம மேடையில ஏத்த உங்களுக்கு உரிமை இல்ல. பிள்ளை இருந்தா பிள்ளைய மேடையில ஏத்தவே வேணாம். தனிய ஒத்திகை பார்க்காதீங்க. ஒரு சிநேகிதன் ஒவ்வொரு நாளும் முன்னால இருக்கோணும், நடிப்புச் சொல்லித்தாறதுக்கு இல்ல, முடிஞ்ச உடன உங்களோட ரோட்டுக்கு வந்து பிளேன்டீ குடிக்கிறதுக்கு. கூத்தில அரங்கேற்றம் முடிஞ்ச பிறகு வீடு வீடாப் போய் ஆடுவாங்க தெரியுமா, ராத்திரி அர்ச்சுனனா அழுதவன் பகல்ல அயல் வீட்டு முத்தத்தில நிண்டு சிரிச்சு காசு வாங்குவான். வேசத்த இறக்குறதுக்கு அவங்க ஒரு வழி வச்சிருந்தாங்க. ஓராள் நாடகக்காரனுக்கு அந்த வழிய தானே வெட்டவேண்டி இருக்கு.

நடிக்காமலே விட்டாலும் பரவாயில்ல. எழுதுங்க.

கேள்வி: வாப்பா மௌத்தாகி மையவாடியில அடக்கிட்டு வந்த மூண்டாம் நாள் கடைய திறந்துட்டன். மையித்து வச்ச சந்தூக்கத் தூக்கின தோள் இன்னும் நோகுது எண்டு ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல. எங்கட ஊர்ல மேடையில ஏறினா ஒரு கதை வரும். எங்களுக்கு என்ன வழி? (சாய்ந்தமருது வாசகர்)

தம்பி, நபியவர்கள் தன்ட மகன் இப்றாஹீம் மௌத்தான நேரம் கண்ணீர் விட்டது ஹதீஸ்ல இருக்கு, அது என்னை விட உங்களுக்கு நல்லாத் தெரியும். மேடை வேணுமெண்டு ஆரு சொன்னது? இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில நாடகம் கேட்டு வளர்ந்த ஊர் உங்கட ஊர், முகம் தெரியாத குரலுக்கு வீட்டுக்கு வீடு காது குடுத்த ஆக்கள். கடை பூட்டின பிறகு போன எடுத்து அந்தத் தோள் நோவப் பத்தி ஒரு வொய்ஸ் நோட் போடுங்க, வாப்பாவுக்குச் சொல்ற மாதிரி. அனுப்புறதும் அனுப்பாததும் உங்கட விருப்பம். அனுப்புறண்டா கூடப் பிறந்த ஆக்களுக்கு அனுப்புங்க, அவங்களும் மூண்டாம் நாளே வேலைக்குப் போயிருப்பாங்க.

கேள்வி: ஆம்புளையளிட துக்கம், ஆம்புளையளிட அழுகை எண்டு பக்கம் பக்கமா எழுதுறீங்க. 1990ல கிழக்குப் பல்கலைக்கழக கெம்பஸ் அகதி முகாம்ல இருந்து ஆமி கொண்டுபோன என்ட தம்பிய எங்கட அம்மா சாகுமட்டும் தேடினா. ரோட்டில படத்தப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது முழுக்கப் பொம்புளையள். எங்களுக்கு ஏன் ஒருத்தரும் மேடை போடல்ல? (வந்தாறுமூலை வாசகி)

அக்கா, கேட்கவேண்டிய கேள்வி. 1990 செப்டம்பர் 5, அந்த முகாம்ல இருந்து கொண்டுபோனது 158 பேர், அந்தக் கணக்கு இந்த மாவட்டத்தில ஒரு வீட்டுக்கும் மறக்கல்ல, பதில் மட்டும் இன்னும் இல்ல. போய்ச் சேர்ந்தாரா இருக்கிறாரா எண்டு தெரியாதவங்களுக்கு "ஆறுதல்" எண்டு நாடகம் போடுறது அநியாயம், அவங்களுக்கு முதல்ல வேணும் பதில்.

நான் போன இதழ்ல எழுதாத ஒண்ட இப்ப எழுதுறன். அந்த நாடகத்தில பொம்புளையே இல்ல. பொஞ்சாதி போன்ல மிஸ்ட் கோலா வாறா, தாய் உள்ளுக்க அழுற சத்தமா வாறா, தங்கச்சி பிளேன்டீ கொண்டுவாற கையா வாறா. நடிகன் பெரியப்பனா, கடைக்காரனா, குடிகாரச் சித்தப்பனா எல்லாம் மாறினவர் ஒரு தரம் கூட தாயா மாறல்ல. கூத்தில ஆம்புளையள் சுபத்திரையாயும் திரௌபதையாயும் அழுது பழகின இடத்தில, இப்ப வந்து ஆம்புளத்தனத்தக் கேள்வி கேட்கிற நாடகத்தில ஒரு முந்தானையத் தோள்ல போட வெக்கப்பட்டிருக்காங்க எண்டுதான் எனக்குத் தோணுது. தாய்க்கும் மகனுக்கும் ஒரே துக்கம், அவ உள்ளுக்க, அவன் வெளிய, நடுவில கதவு. அந்தக் கதவு நாடகத்தில கடைசிவரை திறபடல்ல.

எங்கட கண்ணகி கோயில்கள்ல வைகாசியில கதவு திறந்து வழக்குரை படிச்சு குளுத்தி பாடுவம். புருசன அநியாயமாக் கொன்டதுக்கு நியாயம் கேட்டு எரிஞ்சவள ஊரே சேர்ந்து குளிரப்பண்ணுவம். ஆனா அதே நியாயத்தக் கேட்டு அரசாங்கக் கச்சேரி வாசல்ல நிக்கிற தாய்க்கு "வீட்ட போ அம்மா" எண்டு சொல்லுவம். இதுல எனக்குச் சாட்டுச் சொல்ல ஒண்டும் இல்ல அக்கா. அம்மா தேடின கதைய நீங்க எழுதித் தாறதுண்டா நாலு பக்கம் எண்டாலும் வெட்டாமப் போட ஆசிரியரிட்டக் கேட்டுட்டன், ஓம் எண்டுட்டார்.

கேள்வி: பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குத் தனி நடிப்பு செய்றன், தகப்பன இழந்த மகன் பாத்திரம். எவ்வளவு முயற்சி செய்தும் மேடையில கண்ணீர் வருதில்ல. சிநேகிதப் பொடியனுகள் கோடாலித் தைலத்தக் கண்ணுக்குக் கீழ தடவச் சொல்றானுகள். (திருக்கோவில், ஏ.எல். மாணவன்)

தடவாத. கண் எரிஞ்சா வசனம் மறக்கும், முன்வரிசையில இருக்கிற ரீச்சர்மாருக்கு மணமும் அடிக்கும். அழுறதுக்கு முயற்சி செய்யாத, அழாம இருக்கிறதுக்கு முயற்சி செய். சாமான் ஒண்டக் கையில எடு, அப்பாட மணிக்கூடோ சைக்கிள் திறப்போ, அதத் துடை, சரியா வேலை செய்தோ எண்டு பார், வசனத்த அதோடயே சொல்லு. மூச்சு எங்க நிக்குதோ அங்க நீயும் நில்லு, அவசரப்படாத. நாடகமும் அரங்கியலும் பாடமா எடுக்கிறாயா? எடுத்தா பிறகு கல்லடியில விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு, யோசிச்சு வை. கண்ணீர் வராட்டியும் பரிசு கிடைக்கும், குரல் கடைசி வரிசைக்குக் கேட்கோணும், அத முதல் பாரு.